ஐந்தாவது செமஸ்டருக்கு எந்த ஸ்பானிஷ் நாடு: மாட்ரிட், பார்சிலோனா, மெக்சிகோ, சிலி, பொகோட்டா?

மஞ்சக்குப்பம்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் பி.காம். இரண்டாம் ஆண்டு. மூன்றாவது செமஸ்டர் தேர்வு இப்போதுதான் முடிந்தது. ஐந்தாவது செமஸ்டரை மாணவர் பரிமாற்றத்தில் வெளிநாட்டில் படிக்கலாம் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். ஒப்பந்தம் இருப்பது ஐந்து பல்கலைக்கழகங்களோடு. மாட்ரிட், பார்சிலோனா, மெக்சிகோ சிட்டி, சிலியின் சந்தியாகோ, கொலம்பியாவின் பொகோட்டா. பொங்கல் விடுமுறைக்குள் மூன்று விருப்பங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும்.

ஸ்பானிஷ் பி1 அளவுக்கு, அதாவது நடுத்தர நிலைக்கு வந்திருக்கிறது. எந்த நாட்டு ஸ்பானிஷ் சுத்தமானது, எது சீக்கிரம் பிடிபடும்? வீட்டில் அசைவம் பழக்கமில்லை, சமாளிக்க முடியுமா? ஒரே பையன் என்பதால் ஸ்பெயினைத் தவிர வேறு எதற்கும் அப்பா அம்மா தலையாட்டவில்லை. அவர்களிடம் காட்டிப் பேசுகிற மாதிரி விவரம் கிடைத்தால் நல்லது.

இன்னொன்று. புதுச்சேரியில் இருக்கும் பெரியப்பா மகள் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள். அவளும் ஸ்பெயின் போக நினைக்கிறாள். அவளுக்கும் இதே நடைமுறையா?

காலாப்பட்டு:

தம்பி, உச்சரிப்பையும் ஊர்ப் பெருமையையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் காலண்டரை எடுத்துப் பாருங்கள். இந்த வரிசையைத் தீர்மானிப்பது அதுதான்.

உங்கள் ஐந்தாவது செமஸ்டர் ஜூன் கடைசி அல்லது ஜூலையில் தொடங்கி நவம்பரில் முடியும். ஆறாவது டிசம்பரில் ஆரம்பம். ஸ்பெயினில் முதல் செமஸ்டர் செப்டம்பரில் தொடங்குகிறது, தேர்வு ஜனவரியில். பாடம் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்தாலும் தேர்வு எழுதாமல் கிளம்ப முடியாது. நீங்கள் கடலூர் திரும்பும்போது ஆறாவது செமஸ்டரில் ஏறக்குறைய இரண்டு மாதம் போயிருக்கும். வருகைப் பதிவு 75 சதவீதம் கேட்கும் கல்லூரியில் அந்த இரண்டு மாதம் பெரிய ஓட்டை. கடைசி செமஸ்டர் வேறு, ஏதாவது தடுக்கினால் பட்டமே தள்ளிப்போகும்.

மெக்சிகோ சிட்டியில் ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரை. பொகோட்டாவில் ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் கடைசிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். சந்தியாகோவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குவதால், நீங்கள் போகும் ஆகஸ்ட் அவர்களுக்கு இரண்டாவது செமஸ்டர், டிசம்பரில் முடிவு. இந்த மூன்றும் உங்கள் ஐந்தாவது செமஸ்டரோடு ஒட்டிப் போகும். சிலியில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டாவது செமஸ்டரில் நடக்கும் சில பாடங்கள் மார்ச்சில் நடந்ததன் தொடர்ச்சியாக இருக்கும், நடுவில் போய்ச் சேர விடமாட்டார்கள். பாடப் பட்டியலில் 'ப்ரெரெக்கிசிதோ' (முன்பே முடித்திருக்க வேண்டிய பாடம்) என்ற சொல் எந்தப் பாடத்துக்கு நேரே இருக்கிறது என்று பார்த்து அதை ஒதுக்கிவிடுங்கள்.

மாட்ரிட்தான் வேண்டும் என்றால், பரிமாற்ற மாணவர்களுக்கு டிசம்பரிலேயே தேர்வை முன்கூட்டி வைக்கச் சம்மதிக்கும் துறைகளும் உண்டு. விருப்பம் எழுதிக் கொடுக்கும் முன் அங்குள்ள பரிமாற்ற அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த சம்மதம் ஜனவரியில் கைகொடுக்காது.

அடுத்தது கட்டணம். ஒப்பந்தம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. அது மாணவர் பரிமாற்ற ஒப்பந்தமா, வெறும் கல்வி ஒத்துழைப்பு ஒப்பந்தமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். முதல் வகையில் நீங்கள் கடலூர்க் கல்லூரிக்கே கட்டணம் கட்டிவிட்டு அங்கே கட்டாமல் படிக்கலாம். இரண்டாவது வகையில் வருகை மாணவராக முழுக் கட்டணம் கேட்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை இருக்கை என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஒரே இருக்கை உள்ள இடத்தை முதல் விருப்பமாகப் போட்டால், கிடைக்காதபோது இரண்டாவது விருப்பமும் நிரம்பியிருக்கலாம்.

உப்பனாறு:

'சுத்தமான ஸ்பானிஷ்' என்று ஒன்று கிடையாது. மதுரைத் தமிழ் சுத்தமா, கோயம்புத்தூர்த் தமிழ் சுத்தமா என்று கேட்பது போலத்தான். ஆனால் பி1 நிலையில் உள்ள காதுக்கு எது சுலபம் என்று கேட்டால் அதற்குப் பதில் உண்டு.

பொகோட்டாவிலும் மெக்சிகோ சிட்டியிலும் சொல்லின் கடைசி 'ஸ்' காதில் விழும், அசைகளை அதிகம் விழுங்க மாட்டார்கள். பொகோட்டாவில் நண்பர்களுக்குள்ளேயே 'உஸ்தெத்' போட்டுப் பேசுவது சகஜம். நம் பக்கத்தில் சில வீடுகளில் கணவனும் மனைவியும் 'நீங்க' போட்டுப் பேசுகிறார்களே, அந்த மாதிரி. மரியாதை வடிவத்தோடு தொடங்குபவர்களுக்கு அது வசதி.

மாட்ரிட்டில் 'க்ராசியாஸ்' என்பது 'க்ராத்தியாஸ்' என்று வரும், நாக்கு நுனி பல்லிடுக்கில் நிற்கும். அதோடு நண்பர் கூட்டத்தைப் பார்த்துப் பேச 'வோசோத்ரோஸ்' என்ற சொல்லும் அதற்கான தனி வினை வடிவமும் பழக வேண்டும். லத்தீன் அமெரிக்காவில் அதற்கு வேலையே இல்லை, எல்லாம் 'உஸ்தெதெஸ்'. அர்ஜென்டினா உங்கள் பட்டியலில் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மற்ற இடங்களில் 'யோ மெ யாமோ' என்பது புவெனஸ் அய்ரெஸில் 'ஷோ மெ ஷாமோ'.

கடினமானது சிலி. வேகம் அதிகம், சொல்லின் கடைசி 'ஸ்' காற்றில் கரைந்துவிடும், வினைக்கே தனி முடிவுகள் உண்டு. வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' ஒட்டிக்கொள்ளும். 'புரிகிறதா' என்பதற்கு 'கச்சாய்?' என்பார்கள். அங்கே காது பழகியவருக்கு வேறு எந்த நாட்டு ஸ்பானிஷும் மலைப்பாக இருக்காது. ஆனால் அதற்குப் பிடிக்கும் காலம் உங்கள் நான்கு மாதத்தில் பாதியைத் தின்றுவிடும்.

பார்சிலோனா பற்றி முக்கியமாக ஒன்று. அங்கே பல்கலைக்கழகப் பாடங்களில் நிறைய காத்தலான் மொழியில் நடக்கின்றன. அது வேறு மொழி, ஸ்பானிஷின் வட்டார வழக்கு கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் 'கியா தொசெந்தே' என்ற பாடக் கையேடு இணையத்தில் இருக்கும். அதில் எந்தப் பிரிவு எந்த மொழியில் நடக்கிறது என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு வேண்டிய பாடத்தின் காஸ்தெயானோ, அதாவது ஸ்பானிஷ் மொழிப் பிரிவு மாலையில்தான் இருக்கிறது என்றால் அட்டவணை முழுக்க மாறும். வலென்சியா, கலீசியா, பாஸ்க் பகுதிகளுக்குப் போவோரும் இதைப் பார்க்க வேண்டும்.

தமிழ் பேசுவோருக்குச் சில இடங்களில் வாசல் திறந்தே இருக்கிறது, அதைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். எஸ்பாஞா என்பதில் வரும் எழுத்து நம் 'ஞ'தான். ஏரிக்கு 'லாகோ', அதில் வரும் க, 'அகம்' என்னும்போது வரும் மென்மையான க. 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நாதா', அதில் வருவது 'அது' என்பதன் த. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்கள் இந்த இரண்டையும் அழுத்திச் சொல்லிக் கெடுத்துக் கொள்கிறார்கள். இலக்கணத்திலும் அப்படியே. 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' தேவையில்லை. அவர்களும் 'வினே' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். 'மெ குஸ்தா எல் கஃபே' என்பதை 'நான் காபியை விரும்புகிறேன்' என்று மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள், 'எனக்குப் பிடிக்கும் காபி' என்று அப்படியே எடுங்கள். பொருள் பன்மையானால் 'மெ குஸ்தான்' ஆவது ஏன் என்பதும் அப்போது தானாக விளங்கும். உழைக்க வேண்டிய இடம் ர-வும் ற-வும். 'பெரோ' என்றால் ஆனால், நாக்கு உருண்டு 'பெர்ரோ' என்றால் நாய். நம் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கி விட்டதால் உருட்டலைத் தனியாகப் பழக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பெயின் பாடப்புத்தகத்தில் பஸ் பிடிப்பதற்கு 'கொஹேர்' என்று இருக்கும். மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது வாயில் வரக்கூடாத சொல். 'தோமார்' என்று சொல்லிப் பழகுங்கள், எல்லா நாட்டிலும் செல்லும்.

முத்தியால்பேட்டை:

காலாப்பட்டு சொன்ன காலண்டர் சிக்கல் உண்மை. ஆனால் ஸ்பெயினை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம். பிறகு ஐரோப்பாவில் முதுகலை படிக்கும் எண்ணம் இருந்தால், இசிடிஎஸ் என்ற ஐரோப்பியக் கிரெடிட் அளவில் கிடைக்கும் 30 கிரெடிட் அங்கே சுலபமாக எடுபடும். ஒரு இசிடிஎஸ் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஒரு செமஸ்டருக்கு 30. நம் கிரெடிட் கணக்கு வேறு என்பதால் நேருக்கு நேர் மாற்றக் கூடாது, நம் கல்லூரி எத்தனைக்கு எத்தனை என்று கிளம்பும் முன்பே கையெழுத்திட்டுத் தர வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டக் குழுவில் முடிந்துவிடும். இல்லையென்றால் பல்கலைக்கழகம் வரை போகும், அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

விசாவில் ஒரு செமஸ்டர்காரருக்கு ஸ்பெயினில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 90 நாளுக்கு மேல் என்பதால் ஷெங்கன் சுற்றுலா விசா போதாது, மாணவர் தேசிய விசா எடுக்க வேண்டும். ஆனால் மொத்தம் 180 நாளைத் தாண்டாவிட்டால் போலீஸ் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பதில்லை, போன பிறகு வெளிநாட்டவர் அட்டை எடுக்கும் அலைச்சலும் இல்லை. செப்டம்பர் 1 முதல் ஜனவரி 31 வரை 153 நாள். அனுமதிக் கடிதத்தில் தேதியை விரலால் எண்ணிப் பாருங்கள். 'கல்வியாண்டு 2026-27' என்று பொத்தாம்பொதுவாக எழுதிக் கொடுத்தால் ஓராண்டுக் கணக்கில் எல்லாச் சான்றும் கேட்பார்கள். தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் போட்டுத் தரச் சொல்லி வாங்குங்கள்.

பணம் காட்ட வேண்டியது மாதத்துக்கு ஐப்ரெம் என்ற, ஸ்பெயின் அரசு நிர்ணயிக்கும் வருமான அளவில். அது 2023-இல் மாதம் 600 யூரோவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் ஐந்து மாதத்துக்கு 3,000 யூரோ. விண்ணப்பிக்கும் மாதத்தில் நடப்பிலுள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாகக் கணக்கில் போட்ட தொகை கேள்வியை வரவழைக்கும், சம்பளக் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட் பேசும். மனுக்கள் நிற்கிற இன்னொரு இடம் காப்பீடு. ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் பாலிசியாக இருக்க வேண்டும், மருத்துவமனையில் நம் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கக்கூடாது. இங்கே டிக்கெட்டோடு சேர்த்து விற்கும் பயணக் காப்பீடு அதற்கு ஆகாது.

பெரியப்பா மகளுக்கு விஷயமே வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் ஸ்பெயினுக்கு விசாவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் ஐரோப்பிய ஒன்றியக் குடிமகளாகப் பதிவு செய்ய வேண்டும். இஎக்ஸ்-18 படிவம், 790-012 ரசீது, கல்லூரிச் சேர்க்கை, காப்பீடு, வாழப் பணம் இருப்பதற்கான சான்று, இவ்வளவுதான். இதில் பாண்டிச்சேரிக் குடும்பங்கள் தடுக்கி விழுவது காப்பீட்டில். ஐரோப்பிய சுகாதார அட்டை, பிரான்சின் சமூகக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். இங்கே வசிப்பவருக்குப் பாஸ்போர்ட் இருப்பதாலேயே அது வராது, தனியார் பாலிசி எடுக்க வேண்டும். திரும்பி வர ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை கையில் இருக்கிறதா, அதில் பாஸ்போர்ட் விவரம் புதுப்பித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மெக்சிகோ, கொலம்பியா போன்ற நாடுகளுக்குச் சுற்றுலாவாகப் போக பிரெஞ்சு பாஸ்போர்ட் போதும். நீண்ட படிப்புக்கு அங்கெல்லாம் அவளும் மாணவர் விசாதான் எடுக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம்:

ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, பெயர் மட்டும் இருக்கிறது. மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல். இது பிரச்சினை ஆகுமா? அப்போஸ்டில் எங்கே வாங்குவது?

கெடிலக்கரை:

ஆகும். இதை இப்போதே சரி செய்யுங்கள்.

ஸ்பானிஷ் நாடுகளில் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர். முதலாவது பெரும்பாலும் அப்பாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது. படிவத்தில் 'ப்ரிமேர் அபெயீதோ' கட்டாயக் கட்டம், காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. அங்கே ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரை விரித்துப் போடுவார், கல்லூரி அனுப்பிய கடிதத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். மூன்று தாளில் மூன்று ஆள் என்று ஆகிவிடுகிறது.

நல்ல வழி, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் ஏற்றுவது. டிசம்பரில் தொடங்கினால் நேரம் இருக்கிறது. பாஸ்போர்ட் எண் மாறும் என்பதால், பரிமாற்ற விண்ணப்பத்தில் பழைய எண்ணைக் கொடுப்பதற்கு முன்னாலேயே செய்யுங்கள். மார்க் ஷீட்டில் இனிஷியல் இருப்பதற்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் நோட்டரியிடம் எடுத்து, அதையும் மற்றத் தாள்களோடு அப்போஸ்டில் செய்யுங்கள். இரண்டாவது அபெயீதோ கட்டத்தைக் காலியாக விடலாம். அதில் ஊர்ப் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.

அப்போஸ்டில் என்பது சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கு நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று. உங்கள் பட்டியலில் உள்ள ஸ்பெயின், மெக்சிகோ, சிலி, கொலம்பியா நான்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன, இந்தியாவும் 2005 முதல் இருக்கிறது. அப்போஸ்டில் வாங்கும் முன் மாநில அளவிலான சான்றொப்பம் வேண்டும். தமிழ்நாட்டில் வழங்கிய சான்றிதழுக்குத் தமிழ்நாடு அரசு, புதுச்சேரியில் வழங்கியதற்குப் புதுச்சேரி அரசு. இருபது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம் என்றாலும் இது மாறாது. பள்ளிப் படிப்பு பாண்டியிலும் கல்லூரி கடலூரிலும் என்றால் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அலைய வேண்டும்.

வரிசை மாறினால் பணம் வீண். முதலில் அப்போஸ்டில், அதற்குப் பிறகுதான் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, ஏனென்றால் அப்போஸ்டில் தாளையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும். ஸ்பெயினுக்கு 'த்ரதுக்தோர் ஹுராதோ' என்ற அரசு அங்கீகாரம் பெற்றவரின் முத்திரை வேண்டும். மற்ற நாடுகளுக்கு எப்படிப்பட்ட மொழிபெயர்ப்பு என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள். ஸ்பெயினுக்குச் செய்ததை அப்படியே மெக்சிகோவுக்கு நீட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

மொழிச் சான்றுக்கு டெலே, சியெலே என்று இரண்டு ஸ்பானிஷ் தேர்வுகள். டெலே எடுத்தால் காலாவதி கிடையாது. சியெலே ஐந்து ஆண்டு செல்லும், கணினியில் எழுதுவது, முடிவும் சீக்கிரம் வரும். பொங்கலுக்குள் தாள் வேண்டும் என்றால் சியெலேதான்.

தேவனாம்பட்டினம்:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. 'சின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல் என்று கேட்டால் போதாது. கார்னே என்றால் பல இடங்களில் மாடும் பன்றியும்தான், கோழியும் மீனும் அந்தக் கணக்கில் சேராது. ஸ்பெயினில் காய்கறி சாண்ட்விச்சுக்குள் டூனா மீன் இருக்கும், கீரை வதக்கலில் பன்றி இறைச்சித் துணுக்கு இருக்கும். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்' (இறைச்சி, கோழி, மீன், பன்றித் தொடை எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று முழு வாக்கியமாக மனப்பாடம் செய்துவிடுங்கள். மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டியான தோர்த்தியாவும் பீன்ஸும் நம் வாய்க்கு ஒத்துவரும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பதால் சுடச்சுட வரும் தோர்த்தியாவில் லேசாகச் சுண்ணாம்பு வாசம் இருக்கும், அது கெட்டுப்போன வாசம் இல்லை. பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பதும் சோற்றைக் கோழிச் சாறில் வடிப்பதும் அங்கே வழக்கம். 'யேவா மந்தேகா?' என்று ஒரு கேள்வி, 'கால்தோ தெ போயோ?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பொகோட்டாவில் வாழைக்காயைத் தட்டிப் பொரித்த பதகோன் எங்கும் கிடைக்கும். அங்கே தங்கும் வீட்டாரிடம் முதல் மின்னஞ்சலிலேயே இதை எழுதிவிடுங்கள்.

உயரம். கடல் மட்டத்திலிருந்து போகிறீர்கள். மெக்சிகோ சிட்டி 2,240 மீட்டர், சரியாக ஊட்டியின் உயரம். பொகோட்டா 2,640 மீட்டர், தொட்டபெட்டா சிகரத்தின் மேல் ஒரு பெருநகரம் இருக்கிற மாதிரி. முதல் சில நாள் தலைவலி, மூச்சு வாங்கல், தூக்கக் குறைவு வரும். வகுப்பு தொடங்கும் நாளன்று போய் இறங்காமல் நான்கைந்து நாள் முன்னதாகப் போங்கள். பொகோட்டாவில் ஆண்டு முழுக்கச் சராசரி 14 டிகிரி அளவில்தான், வீடுகளில் பெரும்பாலும் ஹீட்டர் கிடையாது. கம்பளிச் சட்டை வீட்டுக்குள்ளும் வேண்டும். சந்தியாகோவில் ஆகஸ்ட் குளிர்காலம், இங்கே வியர்த்துக்கொண்டு பெட்டி கட்டும்போது அது மறந்துவிடும்.

கொலம்பியா, மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. ஊசி போடாமல் போய்த் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட வேண்டும், சான்று வாழ்நாள் முழுக்கச் செல்லும். ஸ்பெயின், மெக்சிகோ, சிலி மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை.

மெக்சிகோ சிட்டியிலும் சிலியிலும் நில அதிர்வு உண்டு. மெக்சிகோ சிட்டியில் தெருக் கம்பங்களில் ஒலிபெருக்கி இருக்கும். ஊளையிடும் சங்கோடு 'அலெர்த்தா சீஸ்மிகா' என்ற குரல் வந்தால் அதிர்வு வந்து சேரச் சில நொடிகள்தான், அதிகம் போனால் ஒரு நிமிடம் சொச்சம். தங்கும் மாடியிலிருந்து வெளியேறும் வழியை முதல் நாளே நடந்து பாருங்கள். 2004 சுனாமியைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விமான டிக்கெட்டில் அமெரிக்கா வழி மலிவாகத் தெரியும். அங்கே விமானம் மாறுவதற்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். இஸ்தான்புல் போன்ற வழிகளைப் பாருங்கள். ஐரோப்பிய நிலையங்களில் டிரான்சிட் விசா வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

அம்மாவிடம் சொல்ல ஒன்று: மெக்சிகோ நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால். இங்கே காலை ஏழு மணிக்குப் பேசினால் அங்கே முந்தைய நாள் இரவு ஏழரை. வகுப்பெல்லாம் முடிந்திருக்கும், தினமும் நிம்மதியாகப் பேசலாம்.

காலாப்பட்டு:

விசாவில் மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவில் 180 நாளுக்குள் முடியும் படிப்புக்கு வருகையாளர் விசாவே போதும். ஆனால் எத்தனை நாள் என்பதை விமான நிலையத்தில் அதிகாரிதான் எழுதுகிறார். அனுமதிக் கடிதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் கையில் நீட்டி, எழுதிய நாள் கணக்கை அந்த இடத்திலேயே படித்துப் பாருங்கள். கொலம்பியாவில் மூன்று மாதத்துக்கு மேலான விசா என்றால் போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் பதிய வேண்டும், தவறினால் அபராதம்.

மதிப்பெண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். சிலியில் 1 முதல் 7 வரை, தேர்ச்சி 4. கொலம்பியாவில் 5-க்கு, தேர்ச்சி 3. ஸ்பெயினில் 10-க்கு, தேர்ச்சி 5. சிலியில் 5,5 என்பது கௌரவமான மதிப்பெண், அங்கே புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். அதை இங்கே தேர்வுப் பிரிவில் பத்துக்கு ஐந்தரை என்று பதிந்துவிட்டால் உங்கள் சதவீதம் அதலபாதாளத்துக்குப் போகும். அங்கிருந்து கிளம்பும் முன் மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அளவுகோலை அச்சிட்டு முத்திரை போட்டு வாங்குங்கள்.

உங்கள் நிலைக்கு என் வரிசை: மெக்சிகோ சிட்டி, பொகோட்டா, மூன்றாவதாக மாட்ரிட். டிசம்பர் தேர்வுக்கு மாட்ரிட்டிலிருந்து எழுத்தில் சம்மதம் வந்தால் அதை முதலிடத்துக்கு ஏற்றிவிடுங்கள், அப்பா அம்மாவுக்கும் திருப்தி. மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை ஜனவரி 6 வரை போகும், அதற்குப் பிறகு பதில் வந்தால் உங்கள் பொங்கல் கெடுவுக்கு ஒரு வாரம்தான் மிச்சம்.